அலமாரிக்குப் புத்துயிர்

அலமாரி, சாவி, மேசை, ஜன்னல் ஆகிய சொற்கள் போர்த்துக்கீசிய மொழியினின்று தமிழுக்கு வந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் அந்நாட்டார் நம் கரைகளில் காலூன்றியபின் இவை மெல்ல நம் இல்லங்களிற் குடிபுகுந்தன. சொல் அயலதாயினும் பொருள் நம்முடையதாகிவிட்டது. நிலப்பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மணநாட் பட்டு, முதியோரின் மருந்து என ஒரு குடும்பம் பேணுகின்ற அனைத்தும் அதனுள்ளேதான் அடங்கியிருக்கின்றன.

பண்பொழி, செங்கோட்டை, தென்காசி வட்டாரத்துப் பழைய வீடுகளிற் சுவரோடு அமைந்த மர அலமாரிகளை இன்றும் காண்கிறோம். தேக்கு, ஆயினி, வேங்கை முதலிய மரங்களாற் செய்த கதவுகள் அவை. ஆனால் அவற்றின் நிலை என்ன? கைப்பிடி விழுந்த இடத்திற் கயிறு தொங்குகிறது. கதவு திறந்துவிடாதிருக்க மடித்த காகிதம் செருகப்பட்டிருக்கிறது. தாழ்ப்பாளோ துருவேறி அசைய மறுக்கிறது. "இதைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிது செய்வோம்" என்று இளையோர் சொல்கின்றனர். சற்றுப் பொறுங்கள் என்போம் நாம். பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது மரமன்று. அதைத் தாங்கும் சிறிய இரும்புப் பொருள்களே. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஈரம்பட்டால் உப்பிக் கெடும். முற்றிய தேக்கோ இன்னுமொரு தலைமுறை உழைக்கும்.

பழுது எங்கே?

முதலிற் கதவைத் திறந்து, அதன் நுனியைச் சற்றே மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் மேற்கீலின் திருகாணிகள் தளர்ந்துள்ளன என்பது பொருள். கதவு கீழே உராய்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பின்னர்க் கூரிய ஆணியால் அடிச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள். ஆணி எளிதாக உள்ளிறங்கினாலோ, சுவரில் மண்கோடு தெரிந்தாலோ கரையான் புகுந்திருக்கிறது. அதற்குரிய மருந்திட்டு, கெட்ட பகுதியைத் தச்சரைக் கொண்டு மாற்றியபின்னரே மற்ற வேலையைத் தொடங்கவேண்டும்.

கீலும் திருகாணியும்

தளர்ந்த துளையிற் பெரிய திருகாணியை முறுக்குவது பலரது வழக்கம். அதனால் மரம் பிளவுறும். துளையினுள் மரப்பசை தடவிய மூங்கிற் சிம்புகளை நெருக்கமாய்ச் செருகி, ஒருநாள் உலரவிட்டு, வெளியே நிற்பதை உளியால் சீவிவிட்டு, பழைய அளவுத் திருகாணியையே இறுக்குங்கள். திருகாணியின் நீளம் பலகையின் கனத்தினும் குறைவாயிருத்தல் வேண்டும். இல்லையேல் மறுபக்கம் துளைத்து, துணியையும் கையையும் கிழிக்கும்.

புதிய கைப்பிடி வாங்குமுன் பழைய துளைகளின் நடுவிலிருந்து நடுவரை அளந்து செல்லுங்கள். 96, 128 மில்லிமீட்டர் என்பன இன்று கடைகளில் மிகுதியாய்க் கிடைக்கும் அளவுகள். அளவு ஒத்துவந்தால் புதுத்துளை வேண்டியதில்லை. கதவின் உட்புறம் 35 மில்லிமீட்டர் வட்டக்குழி எடுத்துப் பொருத்தும் மறைவுக் கீல்கள் அழகியவைதாம். ஆனால் மெல்லிய சட்டமுள்ள பழைய கதவுகளுக்கு அவை ஒவ்வா. அங்கே பட்டைக் கீலே போதும். ஈரமிக்க நம் பகுதியில் வெறும் இரும்பினும் பித்தளையோ, துருப்பிடிக்காத எஃகோ நன்று.

மழையும் மரமும்

தென்மேற்குப் பருவத்துச் சாரலும், வடகிழக்குப் பருவத்து மழையும் ஒருங்கே பெறும் வட்டாரம் இது. காற்றின் ஈரத்தை மரம் உண்ணும். உண்டு குறுக்கே பருக்கும். நெடுக்கில் அது வளர்வது மிகச் சொற்பம். ஆதலால் ஆடியில் இறுகும் கதவை உடனே இழைப்புளியால் சீவிவிடாதீர்கள். சீவினால் பங்குனியில் விரலளவு இடைவெளி தோன்றும். பல்லியும் கரப்பானும் அவ்வழியே குடியேறும். கோடையிலும் உராய்கிறதெனில் மட்டுமே சீவுக.

கதவின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பெரும்பாலும் வண்ணம் காணாதவை. மரத்தின் நார்முனைகள் அங்கே திறந்து நிற்பதால் ஈரம் அவ்வழியே விரைந்து ஏறும். கதவைக் கழற்றும்போது அவ்விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசிவிட்டால் பாதித் தொல்லை தீரும். இவ்வேலைக்கு உகந்த காலம் தை முதல் சித்திரை வரையிலானது.

வண்ணத்தில் மறைந்துள்ள நஞ்சு

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பழைய எண்ணெய் வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஈயத்தூள் சிறுவரின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற தாய்மார்க்கும் தீங்கு. எனவே பழைய வண்ணம் உறுதியாயிருப்பின் அதைச் சுரண்டாமல் மேலேயே பூசலாம். உரிக்க நேர்ந்தால், உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர்த்தாளை நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கழிவையும் கட்டி அப்புறப்படுத்துங்கள். நெருப்பு வைத்து உருக்குதல் கூடவே கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகள் அவ்வறைக்குள் வரலாகாது. தூள் புகாத முகக்கவசமும் அணிக.

பூட்டு யாருக்காக?

வயலும் வரப்புமாய் வாழும் வீடுகளிற் பூச்சிமருந்துப் புட்டி அடுக்களை அலமாரியில், சிலவேளை குளிர்பானப் புட்டியிலேயே, இருப்பதைக் காணும்போது நம் நெஞ்சம் நடுங்குகிறது. அது அடுக்களையில் இருக்கலாகாது. வீட்டுக்கு வெளியே, உரிய பெயர்ச்சீட்டோடு, பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். முதியோரின் மாத்திரைகளும் சிறுவர் கைக்கு எட்டாத உயரத்திற் பூட்டப்படவேண்டும். நல்ல பூட்டுக்கு நாம் நெடுந்தூரம் தேடவேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நம் மாநிலத்துக் கைவினைஞரின் உழைப்பே. உயரமான தனி அலமாரிகளை இரும்புக் கோணத்தால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். கீழ்த்தட்டில் ஏறி விளையாடும் பிள்ளைமேல் அது சாய்ந்தால் விளைவு என்னாகும் என்று சொல்லவும் வேண்டுமோ!

கையும் கைத்தொழிலும்

இவற்றையெல்லாம் நாமே செய்தால் தச்சரின் பிழைப்பு என்னாவது எனச் சிலர் கேட்கலாம். கெட்ட சட்டத்தை மாற்றுதல், மூட்டு பிரிந்ததைச் சேர்த்தல், புதிய கதவு செய்தல் ஆகியவை அவருடைய கலை. அவற்றுக்கு அவரை அழைத்து, பேரம் பேசிக் குறைக்காமல் உரிய கூலியைக் கொடுங்கள். ஒரு திருகாணியைத் தன் கையால் இறுக்கிப் பார்த்தவனுக்கே தச்சரின் கைத்திறன் எத்தகையது என்பது விளங்கும்.

திருப்புளி, சுத்தியல், உளி, உப்புத்தாள், மரப்பசை, சிறிது வார்னிஷ்: ஓர் இல்லத்துக்குத் தேவையான கருவிப்பெட்டி இவ்வளவே. வரும் கோடை விடுமுறையில் மகனோடு மகளையும் அருகில் அமர்த்தி ஒரே ஒரு கதவைச் சீர்செய்து பாருங்கள். கீல் தேய்ந்த கதவோடு நாள்தோறும் மல்லாடும் வீட்டுப் பாட்டி, அதை ஒரு விரலால் திறந்து மூடும்போது அவர் முகத்தில் மலரும் மகிழ்ச்சியைப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். பிறருக்கு உதவுவது எப்படியென அவர்களுக்குத் தனியே பாடம் நடத்தவேண்டிய தேவை இராது.