டோக்கியோவில் திருவனந்தபுரத்துக்காரர் ஓட்டல்!

மட்டாஞ்சேரி பஜார் தெருவில் மிளகு மூட்டைக்கும் சுக்கு மூட்டைக்கும் நடுவே மூட்டை தூக்கியும் கணக்கு எழுதியும் பிழைப்பவர்களில் நம்மவர்கள் பலர். இதே சரக்கை நம்பி ஜப்பானியத் தலைநகரில் ஒரு கேரளத்துக்காரர் ஓட்டல் திறந்தார். அது மூன்றாம் தலைமுறையாக நடக்கிறது!

அவர் பெயர் ஏ.எம். நாயர். 1905-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். படிக்கும்போதே கிளர்ச்சிகளில் இறங்கியதால், வீட்டார் 1928-ல் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தார். படிப்பு முடிந்தது, ஊர் திரும்ப வழியில்லை. திரும்பினால் வெள்ளைக்காரன் கைது செய்வான் என்ற நிலை.

அங்கேயே தங்கினார். ராஷ் பிஹாரி போசுடன் சேர்ந்து சுதந்திரத்துக்குப் பாடுபட்டார். (அந்த போசும் 1927-ல் டோக்கியோவின் நாகமுராயா கடைக்கு நம் நாட்டுக் கறியைக் கற்றுக் கொடுத்தவர்தான்.) 1939-ல் ஜப்பானியப் பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் ஜானகி அம்மா ஆனார்.

கரண்டி பிடித்த என்ஜினீயர்

1945-ல் ஜப்பான் தோற்றது. ராஷ் பிஹாரி போஸ் அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். 1947-ல் நாடு விடுதலை பெற்றது. ஆனால் நாயருக்கு மனைவி, மக்கள், வீடு எல்லாம் டோக்கியோவில். குண்டுவீச்சில் கருகிய நகரத்தில் பிழைப்புக்கு என்ன செய்வது? 1949-ல் கின்சா பகுதியில் "நாயர் ஓட்டல்" திறந்தார். பாலம் கட்டப் படித்தவர் அடுப்படிக்கு வந்தார். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிழைக்க வந்த இடத்தில் எந்த வேலை கிடைக்கிறதோ அதுதானே வேலை!

ஜப்பானியர் அதுவரை அறிந்த கறி, மாவு கரைத்த கெட்டிக் குழம்பு. நாயர் மசாலாவை நம்பினார். பொடியை டப்பாவில் அடைத்தும் விற்றார். 1990-ல் காலமானார். கடையை மகனும், பின்னர் பேரனும் ஏற்றார்கள்.

அங்கே பெயர் பெற்றது "முருகி லஞ்ச்". முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியில் கோழிக்குச் சொல்லும் முர்கிதான். மஞ்சள் சோறு, மணிக்கணக்கில் வெந்த கோழிக்கால், மசித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். சர்வர் மேஜைக்கு வந்து எலும்பை நீக்கிக் கொடுப்பார். பிறகு ஒரு கட்டளை: எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சாப்பிட வேண்டும்!

குழம்பையும் சோற்றையும் தனித்தனியே தொட்டுப் பழகிய ஜப்பானியருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.