எதிர்க் கருத்தினர் எதிரிகளா?

“உங்கள் மகனோ மகளோ மாற்றுக் கட்சியினர் ஒருவரை மணந்து கொண்டால் வருந்துவீர்களா?” என்று 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மக்களிடம் கேட்கப்பட்டது. வருந்துவோம் என்று விடையிறுத்தோர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவினரே. ஐம்பது ஆண்டுகள் உருண்டோடின. 2010ஆம் ஆண்டில் இதே போன்ற கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது, குடியரசுக் கட்சியினருள் ஏறத்தாழப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியினருள் மூன்றில் ஒரு பங்கினரும், ‘ஆம், வருந்துவோம்’ என்றனர்.

மருமகனின் குணத்தையோ தொழிலையோ கேட்கு முன்பே, அவன் எக்கட்சிக்கு வாக்களிப்பவன் என்பதை எண்ணி இவ்வருத்தம்! கட்சிப் பிளவு சட்டமன்றத்தைக் கடந்து வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 2021ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், தேர்தல் முடிவை ஏற்க மறுத்த கூட்டம் ஒன்று வாஷிங்டன் நகரிலுள்ள பாராளுமன்றக் கட்டிடத்துள் வன்முறையோடு புகுந்ததையும் உலகம் கண்டது.

இந்நோய்க்கு மருந்து தத்துவத்தில் உண்டு என்று கூறுவோர் அந்நாட்டிலேயே உள்ளனர். அது எவ்வாறு என்று சற்றே ஆராய்வோம்.

நோயின் வேர்

அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியோருள் முதன்மையானவர் ஜேம்ஸ் மேடிசன். 1787ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் கட்சி மனப்பான்மையின் வேர் மனித இயல்பிலேயே ஊன்றியுள்ளது என்று காட்டினார். மனித அறிவு தவறக் கூடியது. அதனைப் பயன்படுத்தும் சுதந்திரம் உள்ளவரை கருத்து வேறுபாடும் இருந்தே தீரும். வேறுபாட்டை ஒழிப்பதற்காகச் சுதந்திரத்தை ஒழிப்பது நோயைக் காட்டிலும் கொடிய மருந்து என்பது அவர் முடிவு. பரந்த நாட்டில் பற்பல குழுக்கள் இருப்பின், அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் என்று அவர் நம்பினார். ஆனால் அப்பற்பல குழுக்களும் இன்று இரு பெரும் பாசறைகளாகத் திரண்டுவிட்டன. ஆகவே சட்ட அமைப்பு மட்டும் போதவில்லை. சிந்திக்கும் முறையிலேயே ஓர் ஒழுக்கம் தேவைப்படுகிறது.

அக்குவினாஸ் காட்டும் வழி

அவ்வொழுக்கம் நம் திருச்சபைக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் எழுதிய இறையியல் பெருந்தொகுப்பை எடுத்துக் கொள்வோம். ‘கடவுள் இருக்கிறாரா?’ என்ற வினாவை எழுப்பியதும் அவர் தம் விடையைக் கூறிவிடவில்லை. உலகில் தீமை இருப்பதால் கடவுள் இல்லை என்ற வாதத்தையும், இயற்கையைக் கொண்டே யாவற்றையும் விளக்கலாம் என்ற வாதத்தையும் முதலில் நிறுத்துகிறார். அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவுகிறார். இறுதியில் எதிர் வாதங்களுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி பகர்கிறார். தம் விசுவாசத்தில் அணுவளவும் தளராதவர், மறுப்போன் வாதத்திற்கு முதலிடம் தந்தார்!

இன்றைய அரசியல் மேடையிலோ எதிர்க்கட்சியினரின் மிகவும் பலவீனமான சொல்லைத் தேடிப் பிடித்து நகைப்பதே வழக்கம். அதில் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது.

இரு பேராசிரியர்கள்

இம்முறையை நம் காலத்தில் வாழ்ந்து காட்டுவோர் இருவர். ஒருவர் ராபர்ட் ஜார்ஜ், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் பேரன், கத்தோலிக்கர், பழமை பேணும் கொள்கையினர், பிறவாத குழந்தையின் உயிருக்காக இயற்கைச் சட்டத்தின் அடிப்படையில் வாதாடுபவர். மற்றவர் கார்னல் வெஸ்ட், கறுப்பின மக்களின் உரிமைக்கும் ஏழைகளின் உரிமைக்கும் குரல் கொடுப்பவர், பாப்டிஸ்ட் போதகரின் பேரன், இடதுசாரி. தேர்தல் மேடையில் இவ்விருவரும் சேர்ந்து நிற்பதை எவரும் எதிர்பாரார்.

ஆயினும் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் இவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து இளம் மாணவர்க்குக் கற்பித்தனர். பிளேட்டோ, புனித அகுஸ்தீனார், கார்ல் மார்க்ஸ், ஹயெக், மார்ட்டின் லூதர் கிங் ஆகியோர் நூல்களை ஒருங்கே பயின்றனர். ஒரே மேசையில் இரு ஆசிரியர்கள் மாறுபட்டு வாதிடுவதையும், மதிப்புக் குறையாமல் ஒருவர் மற்றவருக்குச் செவிசாய்ப்பதையும் மாணவர் கண்டனர்.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வெர்மான்ட் மாநிலக் கல்லூரி ஒன்றில் அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவரைப் பேசவொட்டாது மாணவர் கூச்சலிட்டனர். அவருடன் வந்த பேராசிரியை காயமுற்றார். அதனையடுத்து ஜார்ஜும் வெஸ்ட்டும் கூட்டறிக்கை வெளியிட்டனர். ‘நானும் தவறியிருக்கலாம்’ என்னும் பணிவின்றி உண்மையைத் தேட இயலாது என்பதே அதன் சாரம். 2024ஆம் ஆண்டில் வெஸ்ட் கட்சி சாராது குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். அரசியலில் இருவரும் இன்றும் வேறு வேறு கரையிலேயே உள்ளனர். நட்போ குன்றவில்லை.

உண்மையை விட்டுக் கொடுப்பதா?

இங்கே நியாயமான ஐயம் ஒன்று எழும். இரு தரப்பையும் மதிப்பது, உண்மைக்கும் பொய்க்கும் நடுவே சமரசம் செய்வதாகாதா?

ஆகாது. 1858ஆம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் அடிமை முறை குறித்து இல்லினாய் மாநிலத்தின் ஏழு ஊர்களில் வாதிட்டனர். முதல்வர் ஒரு மணி நேரம், மற்றவர் ஒன்றரை மணி நேரம், மீண்டும் முதல்வர் அரை மணி நேரம் என்பது ஏற்பாடு. டக்ளசின் வாதத்தை முழுமையாகக் கேட்டே லிங்கன் மறுத்தார். ஆனால் அடிமை முறை தீது என்ற தம் முடிவை அதனால் தளர்த்தவில்லை. மனிதனை மனிதன் விற்பது பற்றிய வழக்கில் உண்மை இரு தரப்புக்கும் நடுவில் இருக்கவில்லை.

அத்துணை நேர்மையான வாதமும் 1861ஆம் ஆண்டில் மூண்ட உள்நாட்டுப் போரைத் தடுக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. தத்துவம் அறிவுக்கு வழி காட்டும். உள்ளத்தைத் திருப்ப அதனால் மட்டும் இயலாது. அங்கே அன்பும் பணிவும் துணை வர வேண்டும்.

எனவே ஒன்று செய்வோம். எவரையேனும் மறுக்கத் தொடங்கு முன், ‘நீர் கூறுவது இதுதானே?’ என்று அவர் கருத்தை நம் வாயால் எடுத்துரைப்போம். ‘ஆம், அதுவே நான் கூறியது’ என்று அவர் ஒப்பிய பின்னரே நம் மறுப்பைத் தொடங்குவோம். இதனைப் பழகச் சிறந்த பள்ளி நம் வீட்டு உணவு மேசையே. தந்தையும் மகனும் அங்கு மாறுபட்டுப் பேசியும் மனம் கசவாது எழக் கற்றுக் கொண்டால், தேர்தல் வரும், போகும். உறவு நிலைத்து நிற்கும்.