பிழை மூன்றாவது வரியில் இல்லை!

மாணவர்களே, ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் மடிக்கணினியோடு என்னிடம் வந்தார். மறுநாள் இடுபணியை ஒப்படைக்க வேண்டும். "டீச்சர், மூன்றாவது வரியில் பிழை என்கிறது. ஒரு மணி நேரமாக அதையே பார்க்கிறேன். அழித்து அழித்து எழுதிவிட்டேன். அதில் தப்பே இல்லை!"

அவர் சொன்னது உண்மைதான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு அவர் எழுதிய கட்டளையைத் தமிழ் ஒலியில் தருகிறேன். நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தைப் பயன்படுத்துங்கள்.

கிரியேட் டேபிள் மாணவர் (
எண் இண்ட்
பெயர் வார்சார்(50),
வயது இண்ட் );

கண்டுபிடித்துவிட்டீர்களா? இரண்டாவது வரியின் முடிவில் காற்புள்ளி இல்லை. பிறகு ஏன் கணினி மூன்றாவது வரியைக் குறை சொல்கிறது?

நாம் கட்டளை முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கிறோம். கணினி அப்படிச் செய்வதில்லை. தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து, அடுத்து என்ன வரலாம் என்று இலக்கணத்தோடு ஒப்பிடுகிறது. 'எண் இண்ட்' என்பதற்குப் பிறகு காற்புள்ளி வரலாம், அடைப்புக்குறி மூடலாம், 'நாட் நல்' போன்ற சில சொற்களும் வரலாம். வரி மாறுவது அதற்கு வெறும் இடைவெளிதான். வந்ததோ 'பெயர்'. அங்கே திகைத்து நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியில் 'அருகில்' என்று பொருள்படும் 'நியர்' என்ற சொல்லுக்குப் பின் வருவது, அது திகைத்து நின்ற இடம். தவறு பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். ஆகவே அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள்.

'நியர்' என்பதற்குப் பின் ஒன்றுமே இல்லாமல் வெறும் மேற்கோள் குறிகள் மட்டும் இருந்தால்? கட்டளை முடிந்துவிட்டது, கணினியோ இன்னும் எதையோ எதிர்பார்க்கிறது. மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

காற்புள்ளி விடுபட்டும் பிழைச் செய்தியே வராத சமயமும் உண்டு. எனக்கு அதுதான் அதிகப் பயம். 'செலக்ட் பெயர், வயது ஃப்ரம் மாணவர்' என்பதில் காற்புள்ளியை விட்டுவிட்டால், 'பெயர்' பத்திக்கு 'வயது' என்று மாற்றுப் பெயர் சூட்டச் சொல்வதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். 'வயது' என்ற தலைப்பின் கீழ் மாணவர்களின் பெயர்கள் வரிசையாக வரும்! இலக்கணம் சரி, பொருள்தான் தவறு. விடையைப் பார்க்காமல் ஒப்படைத்தால் மதிப்பெண் போய்விடும்.

அந்த மாணவியிடம் திரும்புவோம். காற்புள்ளி போட்டதும் அட்டவணை உருவானது. ஆறு பெயர்களும் பதிவாகின. ஏழாவதில் மீண்டும் பிழை. அந்தப் பெயர் 'ச'அடியா'. நடுவிலுள்ள குறியைப் பார்த்ததும், பெயர் 'ச' என்பதோடு முடிந்துவிட்டதாகக் கணினி நினைத்தது. நம் நாட்டுப் பெயர்ப்பட்டியல்களில் இது சாதாரணம். அந்தக் குறியை அடுத்தடுத்து இருமுறை இட்டால் போதும். (நம் பெயர்களிலுள்ள 'அ/லெ' சாய்கோடு மேற்கோளுக்குள் இருக்கும்வரை தொல்லை தராது.)

அதையும் திருத்தி மீண்டும் ஓடவிட்டார். இப்போது, 'மாணவர்' அட்டவணை ஏற்கெனவே உள்ளது என்று செய்தி! இது இலக்கணப் பிழையன்று. கட்டளைத் தொகுப்பு பாதியில் நின்றாலும், அதற்கு முன் நிறைவேறியவை அப்படியே இருக்கும். முதல் கட்டளையை மட்டும் நீக்கிவிட்டு ஓடவிட்டிருந்தால், அந்த ஆறு பேரும் இருமுறை பதிவாகியிருப்பார்கள். அவருடைய கோப்பில் எல்லாப் பெயர்களும் இருந்ததால், 'டிராப் டேபிள்' கட்டளையால் அட்டவணையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடவிடச் சொன்னேன். உங்கள் தரவு வேறெங்கும் சேமிக்கப்படவில்லை என்றால் அந்தக் கட்டளையைத் தொடாதீர்கள், அழிந்தது திரும்பாது.