முதுகுப்பக்கம் காற்று வேண்டும்

டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் குட்டி வீடு. கட்டில், கழிப்பறை, கேஸ் அடுப்பு, பிரிட்ஜ் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. அமெரிக்காவில் விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பங்களும், பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டு ஊர் ஊராகச் சுற்றும் தம்பதிகளும் இந்த வண்டிகளில் மாதக்கணக்கில் வாழ்கிறார்கள். கோடைக்காலத்தில் அவர்களிடம் அதிகம் திட்டு வாங்கும் சாமான் பிரிட்ஜ்தான். அரிசோனாவிலோ யூட்டாவிலோ வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாளில், பிற்பகலில் கதவைத் திறந்தால் பால் திரிந்திருக்கும், வெண்ணெய் இளகியிருக்கும். உணவு கெடாமல் இருக்க பிரிட்ஜின் உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது அந்நாட்டு அரசு சொல்லும் வரம்பு. இங்கே தெர்மாமீட்டர் 10, 12 என்று காட்டும். குமிழைக் கடைசி எண்வரை திருப்பிப் பார்க்கிறார்கள், பயனில்லை. அடுத்து, ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்துப் புது பிரிட்ஜ் வாங்கிவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்குப் போகும் முன் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பெரும்பாலான கோடைக்காலப் புகார்களின் வேர் பிரிட்ஜின் முதுகுப்பக்கத்தில், காற்று புகாமல் வெப்பம் தேங்கிக் கிடக்கும் அந்தக் குறுகிய பொந்தில் இருக்கிறது.

காரணம் புரிய, இந்த பிரிட்ஜ் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் வீட்டு பிரிட்ஜில் கம்ப்ரஸர் உண்டு. டிரெய்லர்களில் நெடுங்காலமாக வைக்கப்பட்டுவந்த பிரிட்ஜில் அது கிடையாது. அதில் அசையும் உறுப்பு என்று ஒன்றுமே இல்லை. குளிரை உண்டாக்குவது நெருப்பு. 1922இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ஏற்பாடு இது. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூடிய இரும்புக் குழாய்களுக்குள் தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன் மூன்றும் அடைக்கப்பட்டிருக்கும். அடியில் ஒரு சின்ன கேஸ் சுடரோ மின்கம்பிச் சுருளோ அம்மோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கும். அம்மோனியா ஆவியாகி மேலே ஏறும். உச்சியில் இருக்கும் கண்டென்சரில், அதாவது தகட்டு மடிப்புகள் பொருத்திய குழாயில், வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் கீழிறங்கி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது பிரிட்ஜின் உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீர் அந்த ஆவியைக் கரைத்து எடுத்துக்கொண்டு திரும்பவும் சுடருக்கு வந்து சேரும். இத்தனையும் நடப்பது வெப்பத்தாலும் புவியீர்ப்பாலும் மட்டுமே. அதனால்தான் சத்தமே இராது. ஓட்டல் அறையில் சத்தமில்லாமல் நிற்கும் மினிபார் பெட்டிகளில் பலவும் இதே இனம்தான். மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பூசி மருந்துகளைக் காத்த மண்ணெண்ணெய் பிரிட்ஜும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இந்த அமைப்புக்கு ஒரு விலை உண்டு. ஒரு பங்கு வெப்பத்தை உள்ளிருந்து வெளியே எடுக்க, நான்கைந்து பங்கு வெப்பத்தை அடியில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுத்தர அளவு டிரெய்லர் பிரிட்ஜின் கேஸ் சுடர் ஏறத்தாழ 400 வாட் வெப்பம் தரும் என்று வைத்துக்கொண்டால், உள்ளிருந்து எடுக்கப்படும் வெப்பம் 80 முதல் 100 வாட் வரைதான். இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய 500 வாட் வெப்பம் பிரிட்ஜின் பின்பக்கம் வெளியேறியாக வேண்டும். ஓர் அலமாரி அகலமே உள்ள அந்தப் பொந்தில் எட்டுப் பழைய 60 வாட் பல்புகள் இரவும் பகலும் எரிவதற்குச் சமம் இது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்ப்ரஸர் பிரிட்ஜில் கண்டென்சர் சூடேறினால் கம்ப்ரஸர் அழுத்தத்தைக் கூட்டி, எப்படியாவது ஆவியைத் திரவமாக்கிவிடும். இங்கே குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் தொழிற்சாலையில் அடைத்தபோதே பெருமளவு தீர்மானமாகிவிட்டது. அம்மோனியா 50 டிகிரியில் திரவமாக வேண்டுமானால் சுமார் 20 வளிமண்டல அழுத்தம் வேண்டும். 60 டிகிரியில் 26 வேண்டும். வெளியே 40 டிகிரி, பொந்துக்குள் தேங்கிய காற்று அதைவிட மிகச் சூடு என்றால், ஆவியில் ஒரு பகுதி திரவமாகாமலே கண்டென்சரைக் கடந்துவிடும். திரவமாகாத அம்மோனியாவால் குளிரூட்ட முடியாது. குமிழைத் திருப்பிப் பயனில்லாமல் போவது இதனால்தான். குமிழ் கட்டுப்படுத்துவது அடியில் எரியும் சுடரை. கண்டென்சர் வெப்பத்தை இறக்கிவைக்க முடியாமல் திணறும்போது சுடரை நீட்டித்தால், வெளியேற்ற வேண்டிய வெப்பம்தான் இன்னும் கூடுகிறது.

வண்டிக்கு வெளியே, பிரிட்ஜுக்கு நேராகச் சுவரின் அடிப்பாகத்தில் பலகணி வைத்த ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் தெரியும். கீழே பர்னர் பெட்டி, அதன்மேல் கறுப்புக் குழாய்ச் சுருள், உச்சியில் தகட்டு மடிப்புகளோடு கண்டென்சர். கீழ்க்கதவு வழியாகக் குளிர்ந்த காற்று நுழைந்து, குழாய்களை உரசி ஏறி, கண்டென்சரின் மடிப்புகளுக்குள் புகுந்து, கூரையில் இருக்கும் திறப்பு வழியாக வெளியேற வேண்டும். புகைபோக்கிக்கு உள்ள இயல்புதான். இது சரியாக நடக்க, குழாய்களுக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகலாக, பொதுவாக ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று பிரிட்ஜ் செய்பவர்கள் வரைபடத்தில் சொல்கிறார்கள். இடைவெளி கூடினால் காற்று சுலபமான வழியைத் தேடிச் சுவரை ஒட்டியே ஏறிப் போய்விடும். கண்டென்சர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பல வண்டிகளில் இந்த இடைவெளி மூன்று, நான்கு அங்குலம் இருக்கிறது. பிரிட்ஜின் தலைக்கு மேலே காலியாக விட்ட இடத்தில் சூடான காற்று புகுந்து வெளியே வராமல் சுழல்கிறது. பிரிட்ஜைச் செய்பவர் ஒருவர், அலமாரியைச் செய்பவர் வேறொருவர் என்பதே இதற்குக் காரணம். அமெரிக்காவின் டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. அங்கே ஒரே பிரிட்ஜ் பல வடிவ வண்டிகளுக்குள் போகிறது. ஒவ்வொரு வண்டியிலும் அலமாரியின் ஆழம் வேறு. தகட்டை வளைத்து அந்த இடைவெளியை அடைப்பது சில டாலர் வேலை. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத இடம். வாங்க வருபவர் கேட்பதில்லை என்பதால் அங்கே கவனமும் போவதில்லை. நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். தள்ளும் பகுதியில் பிரிட்ஜ் இருந்தால் கூரைத் திறப்புக்கு வழியில்லை. மேலேயும் சுவரில்தான் பலகணி. மேலேறிய சூடான காற்று அங்கே பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருப்பதால் இழுப்பு குறைகிறது.

இது வெறும் ஊகமா என்று கேட்கலாம். வண்டிக்காரர் தானே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்து, அதிகாலையிலும் பிற்பகலிலும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் 3 டிகிரி, பிற்பகலில் 11 என்றால் குழாய்களும் அம்மோனியாவும் நன்றாகவே இருக்கின்றன. வெப்பம் வெளியேறத்தான் வழியில்லை. மின்சாரத்தில் நன்றாகக் குளிர்ந்து கேஸில் மட்டும் சுணங்கினால் பர்னரைப் பார்க்க வேண்டும். இரவு பகல், கேஸ் மின்சாரம் என எந்த நிலையிலும் குளிரவில்லை, வண்டியும் மட்டமாக நிற்கிறது என்றால்தான் குளிரூட்டும் குழாய்த் தொகுதியின் மேல் சந்தேகம் போக வேண்டும். பின்பக்கம் அம்மோனியா நெடியும் மஞ்சள் பொடியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: குழாய் ஓட்டையாகிவிட்டது, பிரிட்ஜை உடனே அணைத்துவிட வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு ஆகும் செலவு ஒரு தெர்மாமீட்டரின் விலை. இவற்றைச் செய்யாமல் புது பிரிட்ஜ் வாங்கி அதே பொந்தில் வைப்பவருக்கு அடுத்த கோடையிலும் அதே புகார்தான் மிஞ்சும்.

தீர்வைத் தகட்டிலிருந்து தொடங்க வேண்டும், மின்விசிறியிலிருந்து அல்ல. கண்டென்சருக்குச் சற்றுக் கீழே வண்டிச் சுவரில் வளைந்த தகடு ஒன்றைப் பதித்து, ஏறும் காற்றை மடிப்புகளின் பக்கம் திருப்ப வேண்டும். பிரிட்ஜின் தலைக்கு மேல் உள்ள காலியிடத்தை அடைத்து, காற்று நேராகத் திறப்புக்குப் போகும்படி செய்ய வேண்டும். பக்கங்களிலும் வண்டியின் உள்ளறைக்குத் திறப்பு இருக்கக்கூடாது; சுடரின் புகை உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பிறகும் கடும் வெயிலில் போதாவிட்டால்தான் 12 வோல்ட் சிறு மின்விசிறி. ஒழுங்காகப் பொருத்திய பிரிட்ஜுக்கு விசிறியே தேவையில்லை, இயற்கை இழுப்பே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மைதான், வரைபடத்தின்படி பொருத்தியிருந்தால். பக்கச்சுவரில் மட்டுமே திறப்பு உள்ள வண்டிகளில் இயற்கை இழுப்பை நம்பிப் பயனில்லை. பேட்டரி தீர்ந்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அளவு விசிறி 0.2 ஆம்பியருக்கு மேல் எடுக்காது. நாள் முழுக்க ஓடினாலும் 5 ஆம்பியர்-மணி. சூடேறினால் மட்டும் ஓடும்படி தெர்மோஸ்டாட் வைத்தால் இன்னும் குறையும். விசிறியை உச்சியில் வைத்து காற்றை மேல்நோக்கித் தள்ள வேண்டும். அடியில் வைத்தால் சுடர் ஆடும், அணையவும் கூடும். பூச்சி வராமல் இருக்கப் பலகணி முழுவதும் நெருக்கமான வலை அடிப்பவர்கள் காற்றையும் சேர்த்தே தடுக்கிறார்கள். வண்டியை நிறுத்தும்போது பிரிட்ஜ் பக்கத்துச் சுவரை மேற்கு வெயிலுக்குக் கொடுக்காமல் இருப்பதும் காசில்லாத உதவி.

மட்டமும் சுடரும் இதே வெப்பக் கணக்கில்தான் சேரும். குழாய்க்குள் திரவம் புவியீர்ப்பால் ஓடுவதால், வண்டி சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கிவிடும். சுடர் காய்ந்த குழாயைச் சுட ஆரம்பிக்கும். துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் அந்த வெப்பத்தில் கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிட்டால் பிரிட்ஜை மீட்க முடியாது. பொதுவாகப் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி சாய்வு வரை தாங்கும் என்கிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் வண்டியின் தரை மட்டுமல்ல, பிரிட்ஜின் உறைதட்டும்தான். பர்னரில் ஆண்டுக்கு ஒருமுறை புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருவைத் தட்டி, சிலந்தி கட்டிய நூலாம்படையை எடுத்தால் சுடர் நீலமாக எரியும்.

உள்ளே செய்ய வேண்டியவை எளிமையானவை, எல்லோரும் சொல்பவை: கிளம்புவதற்கு முந்தைய நாளே ஓடவிடுவது, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை அடுக்குவது, காற்று சுற்ற இடைவெளி விடுவது, கதவு ரப்பரில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பது. உறைபனி படிந்த தகடு வெப்பத்தைச் சரியாக உறிஞ்சாது என்பதால் அதைக் கரைத்துவிடுவது. இவை உதவும். பின்பக்கம் மூச்சு முட்டும் பிரிட்ஜை மட்டும் இவை காப்பாற்றாது.

இருப்பதிலேயே கனமான எதிர்வாதம் இது: ஏன் இந்தப் பழைய தொழில்நுட்பத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் பிரிட்ஜ் வந்துவிட்டது, லித்தியம் பேட்டரியும் சோலார் தகடும் மலிந்துவிட்டன, புது டிரெய்லர்களில் பலவும் அதைத்தான் வைத்து வருகின்றன. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. கம்ப்ரஸர் பிரிட்ஜ் விரைவாகக் குளிரும், சாய்வைப் பொறுத்துக்கொள்ளும், கடும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும். புதிதாக வண்டி வாங்குபவர், கூரையில் போதிய சோலார் இருந்தால், அதையே தேர்ந்தெடுப்பது சரி. ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. 9 கிலோ புரொப்பேன் சிலிண்டர் ஒன்று, மின் இணைப்பே இல்லாத பாலைவனத்தில் 400 வாட் சுடரை இடைவிடாமல் எரித்தாலும் ஏறத்தாழ 12, 13 நாள் பிரிட்ஜை ஓட்டும். மேகம் மூடினாலும், மர நிழலில் நிறுத்தினாலும் அது நிற்காது. கம்ப்ரஸருக்கு மாற வேண்டுமானால் பிரிட்ஜோடு பேட்டரியும் சோலாரும் கம்பி இணைப்பும் சேர்ந்து வாங்க வேண்டும். தகடும் விசிறியும் சரிசெய்யக்கூடிய ஒரு குறைக்காக, நன்றாக இயங்கும் பிரிட்ஜைக் குப்பைக்கு அனுப்புவது காசுக்கும் கேடு, பொருளுக்கும் கேடு.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மாற்றச் சொல்பவர்களும் உண்டு. அதை லேசாக ஒதுக்க முடியாது. 2006இல் இவ்வகை பிரிட்ஜ்களைச் செய்யும் டொமெடிக் நிறுவனம், சுடர் சூடாக்கும் கொதிகலன் குழாயில் விரிசல் விழுந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்ஜ்களைத் திரும்ப அழைத்தது. 2010இல் இன்னொரு தயாரிப்பாளரான நோர்கோல்டின் பெரிய ரகங்களும் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய வண்டி வைத்திருப்பவர் தன் பிரிட்ஜின் வரிசை எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இருந்து, திருத்தம் செய்யப்படவில்லை என்றால் அதை ஓட்டவே கூடாது. பட்டியலில் இல்லாத பிரிட்ஜுக்கும் எதிரி அதீத வெப்பம்தான். காற்றோட்டம் சீரானால் அதே குளிருக்குச் சுடர் எரியும் நேரம் குறைகிறது, குழாயின் ஆயுளும் நீள்கிறது.

வண்டித் தயாரிப்பாளர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கீழ்ப் பலகணிக் கதவின் உள்பக்கத்தில், அந்த பிரிட்ஜுக்கு வேண்டிய சுவர் இடைவெளி எத்தனை அங்குலம், இந்த வண்டியில் விட்டிருப்பது எத்தனை என்று இரண்டு எண்களை அச்சிட்டு ஒட்டிவைக்கலாம். அது வரும்வரை, வண்டி வாங்கப் போகிறவர்கள் சோபாவையும் டிவியையும் பார்ப்பதற்கு முன் விற்பனையாளரிடம் அந்தக் கதவைக் கழற்றித் தரச் சொல்லி, டேப்பை உள்ளே நீட்டி அளந்து பார்க்கட்டும்.