உங்களுக்குத் தெரியுமா? ஆற்றல்: நிஜமா, வெறும் கணக்கா?

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலில், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் 60 கிலோ ஆசாமியின் இயக்க ஆற்றல் எவ்வளவு? பிளாட்பாரத்தில் நிற்பவர் கணக்கில் 18,750 ஜூல். எதிர் சீட்டுக்காரர் கணக்கில் பூஜ்யம். இரண்டுமே சரி! உந்தமும் (momentum) இப்படித்தான், ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் ஆற்றல் அந்த மனிதருக்குள் 'இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது?

வெப்பத்தை ஒரு பொருளாகவே நினைத்த காலம் உண்டு. 'கலோரிக்' என்று பெயர் வைத்து, 1789-ல் தனிமங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார் வேதியியலாளர் லவாய்சியே. மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடைவதைக் கவனித்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு, மழுங்கிய துளைப்பானைத் தண்ணீருக்குள் வைத்துத் தேய்க்கவிட்டார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்தது. தேய்க்கத் தேய்க்கத் தீராமல் வருவது பொருளாக இருக்க முடியாது என்று 1798-ல் வாதிட்டார்.

பொருள் இல்லையென்றால் வெறும் கணக்குதானா? சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை உமிழ்வதுதான் பீட்டா சிதைவு. அதில் வெளிவரும் எலக்ட்ரான்களிடம், இருக்க வேண்டியதைவிட ஆற்றல் குறைவாக இருந்தது. கணக்கு உதைத்தது. ஆற்றல் அழிவின்மை விதியையே கைகழுவிவிடலாமா என்று யோசித்தார் இயற்பியலாளர் நீல்ஸ் போர். இன்னொரு இயற்பியலாளரான பவுலியோ 1930 டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினார்: நம் கருவிகளுக்குச் சிக்காத ஒரு துகள் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகிறதாம்! துண்டு விழுந்த தொகைக்கு ஆளைச் சோடித்த கதைதான். ஆனால் 1956-ல் ரெய்ன்ஸும் கோவனும் அமெரிக்காவின் தென் கரோலினாவில், அணு உலை அருகே அந்த ஆளைப் பிடித்தே விட்டார்கள். நியூட்ரினோ! (தேனி பொட்டிபுரத்தில் ஆய்வகம் என்றதும் சர்ச்சை கிளம்பியதே, அதே துகள்தான்.) ஆற்றல் வெறும் காகிதக் கணக்கு என்றால் இவ்வளவு சாமர்த்தியம் அதற்கு ஏது?

உந்தமும் வெறும் கணக்கு இல்லை: நிறையே இல்லாத ஒளிக்கும் அது உண்டு. 2010-ல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலத்தின் மெல்லிய பாயை வெயில்தான் தள்ளியது.

இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே என்பதால் ஆற்றல் அழியாது. அங்கும் இங்கும் ஒன்றே என்பதால் உந்தம் அழியாது. 1918-ல் இதை நிறுவிக் காட்டியவர் எம்மி நோதர் என்ற கணித மேதை. இதிலும் ஒரு சிக்கல்: பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. சுமார் 3,000 கெல்வினில் புறப்பட்ட ஆதி ஒளி இன்று 2.7 கெல்வினுக்குக் குளிர்ந்து கிடக்கிறது. மீதி ஆற்றல் எங்கே? எங்கும் போகவில்லை, விரியும் பிரபஞ்சம் முழுமைக்கும் அப்படியொரு மொத்தக் கணக்கே கிடையாது என்கிறார்கள் அண்டவியலாளர்கள் பலர்.