பழுதில் பிறந்த ஓசை!

கிதார் தந்தியை மீட்டினால் இனிய நாதம் வரும். அந்த நாதம் கரகரவென்று கிழியவேண்டும் என்பதற்காகவே காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்குகிறார்கள்! காலால் மிதித்தால் போதும், கிதாரின் குரலே மாறிவிடும். அதன் பெயர் "ஃபஸ்" பெட்டி.

இந்த விசித்திர ஆசை எப்படி வந்தது?

அமெரிக்காவில் நாஷ்வில் நகரம் பாட்டுப் பதிவுக்குப் பெயர் போனது. அங்கே மார்ட்டி ராபின்ஸ் பாடினார். கிராடி மார்ட்டின் கிதார் வாசித்தார். ஒலிப்பதிவுக் கருவியில் ஒரு பகுதி கெட்டிருந்தது. கிதார் ஓசை, வண்டு குடைவது போலப் பதிவாகிவிட்டது! அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். 1961-ல் வெளிவந்த அந்தப் பாட்டு, சக்கைப்போடு போட்டது.

மற்றவர்களும் அந்த ஓசையைக் கேட்டு வந்தார்கள். அதற்குள் கெட்ட பகுதி அடியோடு செத்துவிட்டது. ஒலிப்பதிவு என்ஜினீயர் கிளென் ஸ்னாடி விடவில்லை. டிரான்சிஸ்டரை வைத்து அதே கரகரப்பை உண்டாக்கினார். கிப்சன் கம்பெனி 1962-ல் அதைப் பெட்டியாக்கி விற்றது. முதலில் சீந்துவாரில்லை. 1965-ல் "ரோலிங் ஸ்டோன்ஸ்" குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பாட்டில் அதை மிதித்தார். அப்புறம் கடைகளில் பெட்டி தங்கவில்லை!

வீட்டிலேயே செய்யலாம்

1966-ல் லண்டனில் வந்த "ஃபஸ் ஃபேஸ்" பெட்டியைத் திறந்தால், "இவ்வளவுதானா?" என்பீர்கள். 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கண்டென்சர், 2 திருகு குமிழ், 9 வோல்ட் பாட்டரி. டிரான்சிஸ்டர் ஓசையை மிதமிஞ்சிப் பெருக்குகிறது. ஓசை அலையின் உச்சி, கூரையில் தலை இடித்தது போலத் தட்டையாகிறது. அதுதான் கரகரப்பு.

புதிதாகச் செய்பவர்கள் இதைத்தான் முதலில் பற்றவைத்துப் பார்க்கிறார்கள். மிதித்தால், பல சமயம் பெட்டி ஊமை!

பதறவேண்டாம். முதலில் பாட்டரியைப் பாருங்கள். கிதார் வயரைப் பெட்டியிலேயே செருகி வைத்திருந்தால், பாட்டரி தானாகத் தீர்ந்துபோகும். அடுத்து, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களும் இடம் மாறாமல் இருக்கின்றனவா? (பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வெயில் ஏறினாலே குணம் மாறும். அது வேறு தொல்லை!)

அப்படியும் பேசவில்லையா? ஒலிபெருக்கிக்குப் போகும் வயரின் நுனியில் ஒரு சிறு கண்டென்சரை இணையுங்கள். பாட்டரி மின்சாரத்தை அது தடுக்கும். ஓசையை மட்டும் விடும். அந்த வயரின் வெளிக்கம்பியைப் பெட்டியின் உடலோடு சேருங்கள். ஒருவர் கிதாரை மீட்டட்டும். நீங்கள் ஓசை நுழையும் இடத்திலிருந்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். பாட்டரியில் ஓடும் பெட்டிக்குத்தான் இந்தச் சோதனை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவியில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து!

ஓசை எங்கே நிற்கிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் பழுது. பெரும்பாலும் ஈயம் சரியாக ஒட்டாமல் இருக்கும். சூடு காட்டி மறுபடி பற்றவைத்து, பெட்டியை மிதித்துப் பாருங்கள்.