முள்ளிக்குளத்துக் கரையும் பட்டன் போனும்

ஸ்மார்ட்போனைக் கைவிட்டு, பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமே உதவுகின்ற சாதாரணக் கைபேசிக்கு, மக்கள் வழக்கில் சொல்வதானால் பட்டன் போனுக்கு, மீள்வது ஓய்வை நாடும் நகரவாசிகளின் விருப்பம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் மன்னார் மாவட்டத்தின் தென்கரையில், வில்பத்துக் காட்டை அடுத்து, முசலிப் பிரதேசத்தில் உள்ள முள்ளிக்குளம் போன்ற மீனவக் கிராமத்தை முன்வைத்துப் பார்க்கும்போது அது வேறு கேள்வியாகிவிடுகிறது.

கடல்தொழிலுக்குப் பட்டன் போன் போதுமானது என்பதற்குக் கேரளக் கரையே நல்ல சான்று. 1997 முதல் 2001 வரை அம்மாநிலத்தின் வடபகுதிக் கரையோரங்களில் கைபேசிச் சேவை படிப்படியாக வந்தபோது, சாளை மீனவர்கள் கடலில் இருந்தபடியே கரைகளின் விலையைக் கேட்டறிந்து, எங்கு விற்பது என்று முடிவுசெய்யத் தொடங்கினர். இதனை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், முன்பு விற்பனையாகாமல் வீணான மீன் ஏறக்குறைய இல்லாதொழிந்ததையும், மீனவரின் இலாபம் 8 வீதம் உயர்ந்து, வாங்குவோருக்கான விலை 4 வீதம் குறைந்ததையும் 2007இல் வெளியிட்டார். இத்தனைக்கும் தேவைப்பட்டது குரல் ஒன்றே.

எனினும் தமிழருக்குப் பட்டன் போனில் ஓர் இழப்பு உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு குறுஞ்செய்தியில் 160 ஆங்கில எழுத்துகள் அடங்கும். தமிழோ, ஒவ்வொரு குறியீட்டுக்கும் கூடுதல் இடம் எடுக்கும் யூனிகோட் முறையில் அனுப்பப்படுவதால், 70 குறியீடுகளுடன் நின்றுவிடும். உயிர்மெய்யின் கொம்பும் காலும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், கண்ணுக்கு 7 எழுத்தாகத் தெரியும் 'முள்ளிக்குளம்' என்ற சொல் 13 குறியீடுகளை விழுங்குகிறது. பழைய கருவிகள் பலவற்றிலோ தமிழ் வெறும் பெட்டிகளாகவே தெரிந்தது.

மேலும், 2007இல் இடம்பெயர்க்கப்பட்டு, தம் ஊர் கடற்படை முகாமாகியதைக் கண்டு, 2017இல் நிலத்துக்காகப் போராடிய முள்ளிக்குளத்தவர் போன்ற மக்களுக்கு, படமும் காணொளியும் நிலத்துக்கான சான்றாகலாம். புலம்பெயர்ந்த உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதும் இணையம் உள்ள கைபேசியில்தான். அவர்களை ஸ்மார்ட்போனை விட்டுவிடச் சொல்வது நியாயமாகாது.

விட விரும்புவோருக்கான வழியை அடைத்துவிடுவதும் நியாயமன்று. 2022 ஜூலையில் இலங்கை அரசு எரிபொருளுக்குக் கியூஆர் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, இணையவழியில் பதிவு செய்து பெற்ற அக்குறியீட்டைத் தாளில் அச்சிட்டும் காட்டலாம் என அனுமதிக்கப்பட்டது. பிள்ளையோ அயலவரோ ஒருமுறை உதவினால், பையில் பட்டன் போனோடு மடித்து வைத்த தாளொன்றே நிரப்பு நிலையத்தில் போதுமானதாயிற்று.